ஒரு பள்ளிக்கூடம் "பெயில்": 274 பள்ளிக்கூடமும் சர்க்கார் கைக்குப் போச்சு!

வீட்டில் ஒரு பிள்ளை பரீட்சையில் பெயில். அதற்காக அப்பாவை ஓரமாக உட்கார வைத்து விட்டு, வெளியில் இருந்து ஒருவரைக் கொண்டு வந்து "இனி இவர்தான் வீட்டை நடத்துவார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துக்கே அந்தக் கதி வந்தது.

ஊர் பெயர் ஹூஸ்டன். டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. விண்வெளி வீரர்களுடன் தரையில் இருந்து பேசுவார்களே, அதே ஊர்தான்.

2023-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி. ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு தேர்ந்து எடுத்த பள்ளிக்கூட போர்டை மாநில சர்க்கார் ஓரம் கட்டியது. 274 பள்ளிக்கூடங்கள், சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பிள்ளைகள். எல்லாம் சர்க்கார் நியமித்த ஆட்கள் வசம் போய் விட்டது.

முக்கிய காரணம் ஒரே ஒரு பள்ளிக்கூடம்!

ஓட்டுக்கு ஒரு போர்டு

அங்கே சர்க்கார் பள்ளிக்கூடங்களை நடத்துவது அந்தந்த ஊர் போர்டு. ஹூஸ்டனில் 9 டிரஸ்டிகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வட்டாரத்தில் தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டும். இவர்கள்தான் சூப்பரின்டென்டென்டை வேலைக்கு வைப்பார்கள். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஜனங்கள் கட்டுகிற வீட்டு வரி, நிலத்து வரிதான் பெரிய வருமானம். "நம்ம பணம், நம்ம பள்ளிக்கூடம்" என்ற உரிமை அப்படி வந்தது.

ஆனால் மேலே மாநில சர்க்கார் உண்டு. வருஷா வருஷம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அது மார்க் போடும். "ஏ" என்றால் முதல் தரம். "எப்" என்றால் பெயில்.

பேர் பெற்ற பள்ளிக்கூடம்

பெயில் ஆன பள்ளிக்கூடத்தின் பெயர் வீட்லி உயர்நிலைப் பள்ளி. கறுப்பர்கள் அதிகம் வசிக்கும் "பிப்த் வார்டு" என்ற பேட்டையில் இருக்கிறது.

சாதாரண பள்ளிக்கூடம் என்று நினைத்து விடாதீர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகள் உட்காரக் கூடாது என்று இருந்த காலத்தில், 1927-ல், கறுப்பர்களுக்காகத் திறந்த பள்ளிக்கூடம் அது. அடிமையாகக் கொண்டு வரப்பட்டு கவிதைப் புத்தகம் வெளியிட்ட பிலிஸ் வீட்லி என்ற பெண்ணின் பெயரை வைத்தார்கள்.

அமெரிக்க பார்லிமெண்டில் முழங்கிய பார்பரா ஜோர்டான் அம்மையார் இங்கே படித்தவர். பஞ்சத்தில் வாடியவர்களுக்கு உதவப் போய், 1989-ல் எத்தியோப்பியாவில் விமான விபத்தில் இறந்த எம்.பி. மிக்கி லேலண்டும் இங்கே படித்தவர்தான்.

அப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடம் வருஷக்கணக்கில் தேறவில்லை. பேட்டையில் வறுமை. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிக் கொண்டார்கள். மிஞ்சியது யார் என்று சொல்லத் தேவை இல்லை.

சட்டம் கொண்டு வந்தவர் யார்?

இங்கேதான் வேடிக்கை. ஊரையே புரட்டிப் போட்ட சட்டத்தைக் கொண்டு வந்தவர் ஹெரால்டு டட்டன். மாநில சட்டசபை உறுப்பினர். அதே வீட்லி பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்!

தன் தொகுதியில் வீட்லியும், காஷ்மியர் என்ற இன்னொரு பள்ளிக்கூடமும் வருஷம் தோறும் தோற்றுக் கொண்டு இருக்க, போர்டு கண்டு கொள்ளவில்லை என்பது அவருடைய கோபம். 2015-ல் சட்டம் வந்தது.

ஒரு பள்ளிக்கூடம் தொடர்ந்து 5 வருஷம் பெயில் ஆனால் மாநில கல்வி கமிஷனர் இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் போர்டு முழுவதையும் எடுத்துக் கொள்ள வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

போர்டைப் பயமுறுத்தினால் வேலை நடக்கும் என்ற கணக்கு. நடக்கவில்லை. 2019-ல் வீட்லிக்கு மறுபடியும் "எப்". டிரஸ்டிகள் சிலர் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள் என்ற புகார் வேறு சேர்ந்து கொண்டது. அந்த வருஷம் நவம்பரில் கமிஷனர் மைக் மொராத், "போர்டை எடுத்துக் கொள்கிறேன்" என்று அறிவித்தார்.

கோர்ட்டில் 3 வருஷம்

போர்டு கோர்ட்டுக்குப் போனது. 2020 ஜனவரியில் தடை உத்தரவு கிடைத்தது. கேஸ் இழுத்தது. நடுவில் கொரோனா. 2021-ல் சட்டத்தையே திருத்தி சர்க்கார் பக்கம் பலப்படுத்தினார்கள். 2023 ஜனவரியில் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டு தடையை நீக்கி விட்டது.

அதற்குள் என்ன ஆச்சு தெரியுமா? 2022-ல் வீட்லி "சி" வாங்கி பாஸ் ஆகி விட்டது! ஹூஸ்டன் போர்டுக்கு மொத்தமாக "பி" கிடைத்து இருந்தது.

"பாஸ் ஆன பிறகும் தண்டனையா?" என்று ஊரே கொதித்தது. சர்க்கார் அசையவில்லை. பழைய பெயிலுக்கு இன்று மார்க் வாங்கினால் தள்ளுபடி இல்லை என்று சொல்லி விட்டது. டட்டனும் "சட்டம் சரிதான்" என்றே பேசினார்.

புது சூப்பரின்டென்டென்ட்

கமிஷனர் நியமித்த 9 பேர் கொண்ட நிர்வாகக் குழு வந்தது. சூப்பரின்டென்டென்டாக மைக் மைல்ஸ் வந்தார். ராணுவத்தில் இருந்தவர். வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். டல்லாஸ் நகரப் பள்ளிக்கூடங்களை நடத்தியவர். ஆள் கறார்.

முதல் வருஷமே 85 பள்ளிக்கூடங்களில் புதுத் திட்டம். அடுத்த வருஷம் 130.

பாடம் தலைமை அலுவலகத்தில் தயார் ஆகும். டீச்சர் அதைத் திரையில் போட்டு நடத்த வேண்டும். கடிகாரம் ஓடும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் கேள்வி கேட்டு எல்லாப் பிள்ளைகளையும் பேச வைக்க வேண்டும். முக்கால் மணி நேரப் பாடம் முடிந்ததும் சின்ன டெஸ்ட். தேறியவர்கள் வேறு அறைக்குப் போய் மேல் பாடம் செய்யலாம். தேறாதவர்களுக்கு டீச்சர் அங்கேயே மறுபடி சொல்லித் தர வேண்டும். இதற்காக டீச்சர்களுக்குச் சம்பளம் கூடுதல்.

சரி, அந்த "வேறு அறை" எது? பல இடங்களில் அது பழைய லைப்ரரி! லைப்ரரியன்களுக்கு வேலை போச்சு. ஏழைப் பேட்டைகளில் இருக்கிற பள்ளிக்கூடங்கள்தான் இந்தத் திட்டத்தில் முதலில் வந்தவை. பணக்காரப் பேட்டையில் லைப்ரரி இருக்கும், ஏழைப் பேட்டையில் இருக்காதா என்று பெற்றோர் கேட்டார்கள். அப்போது மேயராக இருந்த சில்வஸ்டர் டர்னரும் கண்டித்தார்.

ஆயிரக்கணக்கான டீச்சர்கள் வேலையை விட்டுப் போனார்கள். பிள்ளைகள் எண்ணிக்கையும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது.

மார்க் ஏறியது!

இத்தனை திட்டு வாங்கிய மனுஷன் மார்க்கை ஏற்றிக் காட்டினார். இதை மறைப்பது நியாயம் ஆகாது.

2023-ம் வருஷ மார்க்குப்படி ஹூஸ்டனில் "எப்" வாங்கிய பள்ளிக்கூடங்கள் 56. 2025 ஆகஸ்டு மாதம் வந்த மார்க்கில் "எப்" ஒன்று கூட இல்லை. "ஏ", "பி" வாங்கியவை 93-ல் இருந்து 197 ஆக உயர்ந்தன.

இது ஏழைப் பிள்ளைகளின் மார்க். கூட்டல் கணக்குக்கே தடுமாறிய பிள்ளை தேறினால் லாபம் பிள்ளைக்குத்தான். பரீட்சைக்காகவே பிழிந்து எடுத்த மார்க் என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பழைய டிரஸ்டிகள் காலத்தில் வீட்லி பிள்ளைகள் வருஷம் வருஷமாகத் தோற்றபோது இத்தனை கூட்டம் தெருவுக்கு வரவில்லை என்பதும் நிஜம்.

ஒரே ஒரு ஓட்டு

மார்க் ஏறினாலும் ஊர் மனசு ஆறவில்லை. புது நிர்வாகக் குழு பிடிக்காவிட்டால் ஜனங்கள் அதை மாற்ற முடியாது. 9 பேரையும் வைத்தது கமிஷனர். கமிஷனரை வைத்தது கவர்னர்.

டிரஸ்டி தேர்தல் மட்டும் நிற்கவில்லை! 2023 நவம்பரில் நடந்தது. 2025 நவம்பரிலும் நடந்தது. போஸ்டர், பிரசாரம் எல்லாம் உண்டு. ஜெயித்தவருக்கு அதிகாரம் மட்டும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் ஜனங்கள் கையில் பிடி இருந்தது. பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்குவது என்றால் ஊர் ஓட்டுப் போட்டு சம்மதிக்க வேண்டும். 2024 நவம்பரில் 440 கோடி டாலர் கடனுக்கு ஓட்டு நடந்தது. ஒழுகுகிற கூரை, பழைய குழாய், ஏ.சி. எல்லாவற்றையும் சரி செய்யத்தான் அந்தப் பணம். பிள்ளைகளுக்குத் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"நம்பிக்கை இல்லை, கடனும் இல்லை" என்று எதிர்ப்பாளர்கள் கோஷம் போட்டார்கள். 100-க்கு சுமார் 58 பேர் "வேண்டாம்" என்று குத்தி விட்டார்கள். கோபம் மைல்ஸ் மீது. ஒழுகும் கூரைக்குக் கீழே உட்காருவது பிள்ளைகள்.

எப்போது திரும்பும்?

2025-ல் முடியலாம் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அந்த வருஷம் ஜூனில் கமிஷனர் இன்னும் 2 வருஷம் நீட்டி விட்டார். 2027 ஜூன் 1 வரை சர்க்கார் ஆட்சிதான். அதன் பிறகும் அதிகாரம் ஒரே நாளில் திரும்பாது. தேர்தலில் ஜெயித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு வீதம்தான் நாற்காலிக்குத் திரும்புவார்கள்.

இதற்கிடையே 2025 அக்டோபரில் அதே மாநிலத்தில் போர்ட் வொர்த் நகரத்துக்கும் கமிஷனர் ஓலை அனுப்பினார். அங்கே சுமார் 70 ஆயிரம் பிள்ளைகள். அங்கேயும் ஒரே ஒரு பள்ளிக்கூடம் 5 வருஷம் பெயில். அந்தப் பள்ளிக்கூடத்தை ஊர் போர்டு முன்பே மூடி விட்டது!