மனக்காயத்துக்குப் பேச்சும் ஒரு மருந்து

"நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே!" பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ தப்பி வந்தவரிடம் நம் வீடுகளில் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். அன்போடு சொல்வதுதான். ஆனால் சிலருக்கு அது பலிப்பதில்லை. மறக்க முயலும்தோறும் அந்தக் காட்சி முன்னைவிடப் பலமாகத் திரும்பி வருகிறது.

2006 ஜூலை 11 மாலை, மும்பை மேற்கு ரயில்வேயின் லோக்கல் ரயில்களில் 11 நிமிடங்களுக்குள் 7 குண்டுகள் வெடித்தன. அப்படியொரு பெட்டியிலிருந்து உயிர் தப்பிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். உடம்புக் காயம் ஆறிவிட்டது. ஆனால் ராத்திரியில் கெட்ட கனவு. குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. ரயிலுக்குப் பயந்து பஸ்ஸில் சுற்றிப் போகிறார். வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார். இந்நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்குமானால், அதை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இது கோழைத்தனமும் அல்ல, பாசாங்கும் அல்ல.

இந்தக் காயம் தானாக ஏன் ஆறுவதில்லை? 'அது முடிந்துபோன சங்கதி' என்று மனம் ஏற்றுக்கொள்ளாததுதான் காரணம். ரயிலைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் 'நல்ல வேளை, தப்பித்தோம்' என்று தோன்றுகிறது. பயம் தவறு என்று தெரிந்துகொள்ள மனதுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

பேச்சுவழிச் சிகிச்சை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. இது வெறும் அரட்டையோ புத்திமதியோ அல்ல. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த முறையில், பயிற்சி பெற்றவர் துணையிருக்க, நோயாளி அந்தச் சம்பவத்தை இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லச் சொல்லப் பயத்தின் கூர் மழுங்குகிறது. கூடவே, ஒரு நாள் ஸ்டேஷன் வாசல்வரை, பிறகு பிளாட்பாரம், பிறகு ஒரு ஸ்டேஷன் தூரம் பயணம் என்று படிப்படியாகப் பழகுகிறார். பாட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய இன்னொரு முறை, 'நான்தான் நண்பனைக் காப்பாற்றத் தவறினேன்' என்பது போன்ற குற்ற உணர்வைக் கேள்வி கேட்டு ஆராய்கிறது. பொதுவாக வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வாகச் சுமார் 8 முதல் 15 அமர்வுகள் தேவைப்படும். சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சம்பவம் நடந்த கையோடு "என்ன ஆச்சு, சொல்லு" என்று தோண்டித் துருவுவது உதவாது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை இந்நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் நாட்களில் தேவை சோறு, தூக்கம், பாதுகாப்பு, பக்கத்தில் ஓர் ஆள். அவராகப் பேசினால் காது கொடுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிந்தியில் காய்கறிக்குப் பேரம் பேசிவிடலாம், இங்கிலீஷில் ஆபீஸை நடத்திவிடலாம். அடிவயிற்றுப் பயத்தைச் சொல்லப் பலருக்குத் தாய்மொழிதான் வருகிறது. அம்மாவுக்குச் சிகிச்சை என்றால் மகனே மொழிபெயர்ப்பாளராக உட்காருவது நல்லதல்ல. பிள்ளை முன்னால் அவர் பாதியை விழுங்கிவிடுவார். தமிழ் தெரிந்த உளவியலாளரைத் தேடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில், தமிழ் உட்பட 20 மொழிகளில் இயங்குகிறது. முழுச் சிகிச்சைக்கு அது மாற்று அல்ல. எங்கே போவது என்று கேட்க நல்ல முதல் படி.

கால் முறிந்தால் கட்டுப் போடத் தயங்குகிறோமா? மனம் முறிந்தவரையும் "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆண்டுகள் பல கடந்திருந்தாலும் இந்தச் சிகிச்சை பலன் தரும்.