கிழவனுக்கு எதற்குச் சிவப்புச் சட்டை?

"இன்னா நைனா, மாப்பிள்ளை ஆகப் போறியா?"

ஆம்பூர்க் கடைத்தெருவிலே, தேநீர்க் கடை வாசலிலே, ஓர் இளைஞன் எழுப்பிய கேள்வி இது. கேட்கப்பட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். உடம்பிலே குங்குமச் சிவப்பில் ஒரு சட்டை. இடுப்பிலே பச்சைக் கட்டம் போட்ட குடியாத்தம் கைலி. தோளிலே மஞ்சள் துண்டு. காலிலே பளபளவென்று பூட்சு. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பெரியவர் கோபப்படவில்லை. தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"முப்பத்தெட்டு வருஷம் தோல் ஷாப்புல டிரம்முகிட்ட நின்னேன், தம்பி. நீலமும் அழுக்கும்தான் அப்போ எனக்குக் கலரு. இப்ப எனக்குப் புடிச்ச கலர நான் போடறேன். உனக்கு இன்னா கஷ்டம்?"

நமது சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. 'உனக்கு என்ன கஷ்டம்?' என்ற அந்தக் கேள்வி நம்மோடு வீடுவரை வந்தது. அதைத்தான் இன்று தோழர்களின் முன்னே வைக்கிறோம்.

தோல் தொழிலை அறியாதவர்க்கு ஒரு சொல். அந்நாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். தோல் பழுப்பேறியது, தொழிலாளியின் கையும் பழுப்பேறியது. பிறகு குரோமிய உப்பு வந்தது. டிரம்மிலிருந்து வெளிவரும் தோல் நீலம் பாரித்து நிற்கும்; 'வெட் புளூ' என்பது அதற்குப் பெயர். சுண்ணாம்பும் உப்பும் குரோமியமும் கலந்த நீரிலே நாளெல்லாம் நிற்பவன் எந்தச் சட்டையைப் போடுவான்? கிழிந்ததை, கறைபட்டதை, இனி எதற்கும் உதவாது என்று வீட்டார் ஒதுக்கியதைப் போடுவான். நல்ல சட்டை ஒன்று இருந்தால் அது பெட்டியிலே உறங்கும். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும், அவரவர் வழக்கப்படி, ஒரு நாள் வெளியே வரும். இப்படியே ஆயுளின் பெரும்பகுதி போய்விடும். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்ததும், "இந்த வயசிலே உனக்கெதற்கு?" என்று பெட்டியையும் பிடுங்கிக்கொள்வோம்!

உழைத்த காலத்திலே உடுத்த நேரமில்லை. ஓய்ந்த காலத்திலே உடுத்த உரிமையில்லை. இது என்ன நீதி என்று கேட்கிறோம்.

அந்தப் பெரியவர் ஞாயிறுதோறும் பேருந்தேறி எங்காவது போகிறார். ஒரு வாரம் வாணியம்பாடி, மறு வாரம் பேர்ணாம்பட்டு, இன்னொரு வாரம் வேலூர். அவர் பிறந்தபோது இவையெல்லாம் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். 2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. எல்லை மாறினாலும் பாலாறு ஒன்றுதான். "ஷாப்பும் வூடும்தான் பாத்தேன். ஊரப் பாக்கல. இப்பப் பாக்கறேன்" என்கிறார். நாமும் ஒரு ஞாயிறன்று அவரோடு வேலூர்க் கோட்டைக்குப் போனோம்.

அகழியோரம் நடந்தோம். கருங்கல் மதிலின் முன்னே அந்தச் சிவப்புச் சட்டை எடுப்பாகத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து நடந்தார். அப்போதுதான் நமக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கோட்டையிலே குருதி சிந்தியதும் உடையின் பொருட்டல்லவா?

ஆம், தோழர்களே! 1806ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தார்களே, அந்த எழுச்சிக்கு உடனடிக் காரணம் என்ன? கும்பினிப் படைத்தலைவன் சர் ஜான் கிரடாக் விதித்த உடைக் கட்டளை! தாடியை மழி, கடுக்கனைக் கழற்று, நெற்றிக் குறியை அழி, புதுத் தலைப்பாகையை அணி என்றான். அந்தத் தலைப்பாகையிலே தோலால் ஆன குஞ்சம் ஒன்று இருந்தது. மறுத்தவர்களில் இருவருக்கு 90 கசையடி கிடைத்தது. அதற்கு முன்பே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த குமுறல் நள்ளிரவிலே வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு பாய்ந்து வந்து அதை அடக்கினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். ஆயினும் முடிவு என்ன? கட்டளை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக் திருப்பி அழைக்கப்பட்டான். கவர்னர் வில்லியம் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டான்.

நெற்றிக் குறிக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அதை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பது வேறு விவாதம். ஆனால் ஒருவன் தலையில் எதை வைப்பது, முகத்தில் எதை வளர்ப்பது என்று இன்னொருவன் ஆணையிட்டால், அடிபட்டவன் ஒரு நாள் எழுவான். வேலூர்க் கோட்டை சொல்லும் பாடம் அதுதான்.

வெள்ளையன் மட்டுமா ஆணையிட்டான்? தெற்கே திருவிதாங்கூர்ச் சீமையிலே, ஒரு சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று வழக்கம் பேசியது. தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டுகள் நடந்தது. 1859ஆம் ஆண்டிலே மன்னர் இறங்கிவந்து அனுமதி தந்தார்; அதிலும் 'மேல்சாதியாரைப் போல் உடுத்தக்கூடாது' என்று ஒரு முள்ளை வைத்தே தந்தார். 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் வட்டாரத்திலே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் சட்டையும் பனியனும் போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பொன் வெள்ளி நகை கூடாது. குடை பிடிக்கக்கூடாது. செருப்புப் போடக்கூடாது!

செருப்புப் போடக்கூடாது என்ற வரியை நிறுத்திப் படியுங்கள். மாட்டின் தோலை உரித்தவன், ஊறப்போட்டவன், பதனிட்டவன், தைத்தவன் யார்? அவன் காலுக்குத்தான் செருப்பு கூடாதாம்!

நமது பெரியவரின் காலிலே கிடந்த பூட்சைப் பற்றிக் கேட்டோம். ஏற்றுமதிக்குத் தேறாது என்று கழித்த சோடி அது. கடைத்தெருவில் மலிவாக வாங்கினாராம். "ஆயிரமாயிரம் தோல் என் கைபட்டுக் கப்பலேறிச்சி. என் கால்ல ஒண்ணு ஏற எழுவது வயசாச்சி" என்று சொல்லிச் சிரித்தார். நம்மால் உடன் சிரிக்க முடியவில்லை.

சில தோழர்கள் குறுக்கிடக்கூடும். "ஏழைக்குக் கஞ்சியே பெரும்பாடு, இதிலே கலர்ச் சட்டை ஒரு பிரச்சினையா? எளிமையல்லவா அழகு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். காந்தியார் 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையிலே சட்டையைத் துறந்தார். ஏழையைப் போலத் தானும் இருக்க எண்ணினார். அதற்கொரு பெருமை உண்டு. ஆனால் அண்ணல் அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து மக்கள் முன்னே நின்றார். ஏன்? துறப்பதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். இருந்ததைக் கழற்றுவது தியாகம். இல்லாதவனைப் பார்த்துக் 'கழற்று' என்பது கொடுமை. எளிமையை ஒருவன் தானே தேர்ந்தால் அணிகலன். பிறர் திணித்தால் அது விலங்கு.

வயதைச் சொல்லி விலங்கு மாட்டுவோரும் உண்டே! தந்தை பெரியார் கருஞ்சட்டையை எடுத்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு. 'இந்த வயதிலே புதுச் சட்டையா?' என்று அவர் தயங்கினாரா? இழிவைச் சுட்ட ஒரு நிறம் வேண்டும் என்றார், அணிந்தார், கைலியும் கருஞ்சட்டையுமாக வேனிலேறி ஊர் ஊராகச் சுற்றினார். 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரிலே கடைசிப் பேச்சு. 24ஆம் நாள் இதே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 95ஆம் வயதிலே மறைந்தார். கிழவன் மூலையில் முடங்க வேண்டும் என்ற சட்டத்தை அவர் ஏற்கவில்லை. நம் தெருவில் உள்ள தாத்தா மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

கைம்பெண்ணின் கதையோ இன்னும் கொடிது. கணவன் போனதும் நிறத்தையும் பூவையும் பறித்து வெள்ளையைக் கொடுத்தார்களே, அந்த வெள்ளை துக்கத்தின் அடையாளமா, தண்டனையின் அடையாளமா? ஆம்பூர்ப் பக்கத்துப் பூட்சுக் கம்பெனிகளிலே தையல் மிசினில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களிலே கணவனை இழந்தவர் எத்தனையோ பேர். அந்த அம்மா அறுபது வயதிலே கிளிப்பச்சைப் புடவை கட்டினால், "இவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்கும் வாய் நம் வீட்டு வாயாக இருக்கக்கூடாது.

உலகைச் சற்று பாருங்கள். ஆப்பிரிக்காவிலே காங்கோ நாட்டுத் தலைநகர் பிராசவில். அங்கே பகோங்கோ என்றொரு பேட்டை. 'சாப்' என்ற பெயரால் கூடும் ஆண்கள், ரோசா நிறக் கோட்டும் மஞ்சள் கால்சட்டையும் மின்னும் தோல் பூட்சுமாகத் தெருவிலே உலா வருவார்கள். அவர்கள் சீமான்களா? அல்ல. வாடகைக் கார் ஓட்டுவோரும் கூலி வேலை செய்வோரும் அவர்களில் உண்டு. தலை நரைத்த மூத்தவர்க்கு அங்கே மதிப்பு அதிகம். எதிர்க்கரையில், அன்று சயீர் எனப்பட்ட நாட்டிலே, மொபுட்டு என்ற சர்வாதிகாரி 1970களிலே ஐரோப்பியக் கோட்டுக்குத் தடை போட்டான். இளைஞர்கள் தடையை மீறி அதை உடுத்தினார்கள். உடை அங்கேயும் அரசியலாயிற்று.

அமெரிக்காவிலே ஐரிஸ் ஆப்ஃபெல் என்றொரு மூதாட்டி. பெரிய வட்டக் கண்ணாடியும் கழுத்து நிறைய மணியும் பலவண்ண உடையுமாக, 2024இல் மறையும்வரை, 102 வயதிலும் உலகம் அவரைப் படம்பிடித்துப் போற்றியது. செல்வச் சீமாட்டி உடுத்தினால் 'பாணி' என்பார்கள். தோல் ஷாப்புத் தாத்தா உடுத்தினால் 'பைத்தியம்' என்பார்களோ? 1960களிலே நம் சென்னைக் கட்டத் துணி, துவைத்தால் சாயம் போகும் அந்தத் துணியே, அமெரிக்கப் பணக்காரரின் கோட்டாயிற்று. கைலிக்குரிய கட்டம் அவன் தோளிலே ஏறினால் நாகரிகம். நம் இடுப்பிலே இருந்தால் நாட்டுப்புறமாம்!

சட்டையோடு நிறுத்தினால் நாம் பாதி வழியிலே நின்றவர்களாவோம். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு என்பதுதானே மே நாளின் கோரிக்கை? சிங்காரவேலர் 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொடியேற்றியபோதும் அந்த எண்ணமே உடனிருந்தது. அந்த மூன்றாம் எட்டு மணி நேரம் நம் பெரியவருக்குக் கிடைத்ததா? மேல்வேலையும் களைப்பும் தின்றுவிட்டன. முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடைக்காத அந்த எட்டு மணி நேரங்களின் பாக்கியே முதுமை. அந்தக் கடனைத்தான் அவர் ஞாயிறுதோறும் வசூலிக்கிறார்.

வசூலிக்கக் கையில் காசு வேண்டாமா? ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலே 2014ஆம் ஆண்டு குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தார்கள். நாளுக்கு 33 ரூபாய்ச் சொச்சம்! அதிலே தேநீரும் பேருந்தும் மருந்தும் போக, சட்டைக்கு எங்கே போவது? ஒப்பந்தக் கூலியாக ஓடாய்த் தேய்ந்தவர்க்கு அதுவும் இல்லை. பெண்களுக்கு 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளிலே கட்டணமில்லாப் பயணம் வந்தது. எத்தனையோ அம்மாக்கள் அதனால் ஊர் பார்த்தார்கள். முதியவர் உட்கார நிழலும், ஒதுங்கக் கழிப்பிடமும், நடக்க நடைபாதையும் வேண்டும். பாலாற்றங்கரை மூக்கைப் பிடிக்காமல் நடக்கும் இடமாக வேண்டும். தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர் மக்கள் மன்றம் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. ஆற்றுக்கும் மண்ணுக்கும் சாயம் ஏறிய அத்தனை ஆண்டுகளிலும், தொழிலாளியின் சட்டைக்கு மட்டும் நிறம் வரவில்லை!

ஆகவே, சங்கத் தோழர்களே, கோரிக்கைப் பட்டியலிலே ஓய்வூதியத்தை மேலே எழுதுங்கள். அதோடு, இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் அப்பாவை, மாமாவை, உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியைக் கேளுங்கள்: "உனக்கு எந்தக் கலரு புடிக்கும்?" அவர் வெட்கப்படுவார், "எனக்கெதுக்குடா" என்பார். விடாதீர்கள். வாங்கிக் கொடுங்கள். ஒரு ஞாயிறன்று கோட்டைக்கு அழைத்துப் போங்கள்.

தேநீர்க் கடை இளைஞனை மறுபடியும் பார்த்தோம். பெரியவர் அன்று ஊதாச் சட்டையிலே வந்தார். இளைஞன் எழுந்து இடம் விட்டான். "நைனா, இது எந்தக் கடையிலே எடுத்த?" என்று கேட்டான்.

"இன்னா, உங்கப்பனுக்கா?" என்றார் பெரியவர்.

"ஆமா" என்றான் அவன்.