அடுப்படிக்கு வந்த மலை நிறம்

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி என்ன நிறம்? அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள், பார்க்கலாம்! யோசிக்கிறீர்கள், அல்லவா? தினம் இருபது தடவை திறந்து மூடுகிற கதவுதான். ஆனாலும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "புகை நிறம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிச்சலும் எல்லோருக்கும் வந்துவிடாது.

கெங்கவல்லியில் ஒரு வீட்டில் இந்த நிற விஷயமாக ஒரு சிறு குருக்ஷேத்திரமே நடந்தது. எனக்கு அக்கா முறை ஆகிறவரின் வீடு. நான் போய் இறங்கியபோது மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நடுவே பெயின்டர் தூரிகையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி! நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. அடுப்படி அலமாரிக்கு யாராச்சும் பாசி புடிச்ச நிறம் அடிப்பாங்களா? மஞ்சள் அடிச்சா லட்சுமிகரமா இருக்காது?" என்றார் அக்கா.

"பாசி இல்லீங்க அத்தை. சாயங்காலம் மலை தெரியுதே, அந்த நிறம்" என்றாள் மருமகள்.

கெங்கவல்லியைத் தெரிந்தவர்களுக்கு அவள் சொன்னது உடனே புரியும். ஆத்தூரிலிருந்து தெற்கே வந்தால், சுவேத நதிக் கரையில் இருக்கிறது ஊர். ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் தொலைவில் கொல்லிமலை. மழை பெய்து ஓய்ந்த மாலை நேரத்தில் அந்த மலைகளைப் பார்த்தால் பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. மயில் கழுத்து நிறத்தை எடுத்து, அதன் பகட்டையெல்லாம் அடக்கி, மேலே கொஞ்சம் விபூதியைத் தூவினால் எப்படி இருக்கும்? அந்த நிறம்!

யார் கட்சி நியாயம் என்று தீர்ப்புச் சொல்லுமுன், நீங்கள் ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். செலவில்லாத பரீட்சை. ஒரு வெள்ளைத் தட்டில் ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமத்தை வட்டமாக வையுங்கள். கண் கொட்டாமல் அரை நிமிஷம் அதையே பாருங்கள். பிறகு சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். என்ன தெரிகிறது? நீலமும் பச்சையும் கலந்த ஒரு வட்டம் சுவரில் மிதக்கிறதா?

மாயம் ஒன்றுமில்லை. சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்துப்போகிறது. களைத்த கண் அதற்கு எதிர் நிறத்தைத் தானே காட்டிக் கொள்கிறது. வைத்தியசாலைகளில் ஆபரேஷன் அறை உடுப்புகள் நீலப்பச்சையாக இருக்கின்றனவே, ஏன் தெரியுமா? இரத்தச் சிவப்பையே உற்றுப் பார்க்கும் டாக்டரின் கண்ணுக்கு ஓய்வு தரத்தான். 1914-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஹாரி ஷெர்மன் என்ற டாக்டர் வெள்ளையை விட்டுப் பச்சைக்கு மாறினார். பிறகு உலகமெல்லாம் அந்த வழக்கம் பரவியது.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வாருங்கள். மிளகாய்த் தூள், தக்காளி, செம்புக் குடம், பித்தளை அண்டா, அடுப்பின் தணல் எல்லாமே சிவப்பும் ஆரஞ்சும் சார்ந்த நிறங்கள். இவற்றுக்குப் பின்னால் ஒரு நீலப்பச்சை அலமாரி நின்றால் பித்தளை இன்னும் பொன்னாகத் தெரியும், கண்ணுக்கும் குளிர்ச்சி. மஞ்சள் அலமாரிக்கு முன்னால் வைத்தால் அதே பித்தளை காணாமல் போய்விடும்! மருமகளுக்கு ஒரு மதிப்பெண்.

மருமகள் கேட்டது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயமும் அல்ல. 1926-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரசபை, சாதாரண மக்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டத் தொடங்கியது. அந்த வீடுகளுக்குச் சமையலறையைத் திட்டமிட்டுக் கொடுத்தவர் ஒரு பெண்: வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்; அவ்வளவுதான் அறை. ரயில் வண்டியின் சமையல் பெட்டியைப் போல, நின்ற இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்று அமைத்தார். மாவு வைக்கும் இழுப்பறை ஓக் மரத்தில். அதன் துவர்ப்புக்குப் புழு அண்டாது என்று. அலமாரிகளுக்கு என்ன வர்ணம் தெரியுமா? நீலம், சில வீடுகளில் பச்சை சாய்ந்த நீலம். நீல நிறத்தில் ஈ உட்காராது என்று அந்நாளைய ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்களாம்.

இதை நம்பிக்கொண்டு பலாச்சுளையைத் திறந்து வைத்துவிடாதீர்கள். ஈக்கு மூடிதான் நல்லது, வர்ணம் அல்ல.

இன்னொரு சுவாரஸ்யம்: அப்படிப்பட்ட அடுப்படியை அமைத்த அந்த அம்மாளுக்கு அதற்கு முன் சமைத்துப் பழக்கமே கிடையாதாம்! பிற்காலத்தில் நாஜி ஆட்சியை எதிர்த்து 1941 முதல் 1945 வரை சிறையில் இருந்தார். 103 வயது நிறைய ஐந்தே நாள் இருக்கையில், 2000-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார். இன்று நம் வீடுகளில் அடுக்கடுக்காக வரும் கப்போர்டுகளுக்கெல்லாம் அந்தப் பிராங்க்பர்ட் அடுப்படிதான் பாட்டி முறை.

நம் ஊரிலும் இந்த நிறம் புதிதல்ல. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது சிலர் ஒரு துளி மயில்துத்தத்தைக் கரைத்து விடுவது உண்டு. சுவர் வெளிறிய நீலப்பச்சையாகக் குளிர்ந்து நிற்கும். பாக்குத் தோட்டக்காரர்களுக்கும் இந்தக் கூட்டணி பழக்கமானது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் போர்டோ கலவை. பிரான்சில் திராட்சைக் கொடியைக் காக்க 1885-ல் மில்லார்டே என்பவர் அறிவித்த மருந்து அது. பூஞ்சையைக் கொல்கிற சரக்கு. ஆகவே சாப்பாட்டுப் பாத்திரம் இருக்கிற அலமாரிக்குள் அது வேண்டாம்.

இன்றைய பெயின்ட் டப்பாவில் இருக்கும் நீலப்பச்சை வேறு வகை. அதன் கதையும் அடுப்படிக் கதை போலத்தான். 1928-ல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலை. எனாமல் பூசிய இரும்புக் கொப்பரையில் வெள்ளைச் சரக்கு ஒன்றைக் காய்ச்சினார்கள். எனாமலில் விரிசல். உள்ளே இருந்த இரும்பு கலந்து, எங்கேயோ நீலம் தட்டியது! "கெட்டுப்போச்சு" என்று கொட்டிவிடாமல், "என்ன இது?" என்று ஆராய்ந்தார்கள். இரும்புக்குப் பதில் செம்பைச் சேர்த்தால் அருமையான நீலம் வந்தது. அதிலேயே குளோரினை ஏற்றினால் பச்சை. 1935 முதல் அந்த நீலம் கடைக்கு வந்தது. இதோடு வெள்ளையும் ஒரு சொட்டுக் காவியும் சேர்த்தால் பகட்டு அடங்கிவிடும். குங்குமப் பரீட்சை நினைவிருக்கிறதா? எதிர் நிறம் சேர்ந்தால் நிறம் அமர்ந்துவிடும். அவ்வளவுதான் ரகசியம்.

இதுவரை வேடிக்கை பேசினோம். இனிமேல் சொல்லப்போவது வேடிக்கை அல்ல. குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

பெயின்டர் நியாயத் தீர்ப்புக்குக் காத்திராமல் சுரண்டியை எடுத்து அலமாரிக் கதவில் வைத்துவிட்டார். அக்காவின் மாமனார் காலத்தில் தம்மம்பட்டித் தச்சர் செய்து கொடுத்த அலமாரி. அதன்மேல் பழைய கரும்பச்சை எனாமல். ஒரு இழுப்பு இழுத்ததும் பொருபொருவென்று உதிர்ந்தது. கீழே இரண்டு வயதுப் பேரன்! உதிர்ந்த ஒரு சிம்பைப் பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோனான். நல்லவேளை, மருமகள் பாய்ந்து பிடுங்கினாள்.

ஏன் நல்லவேளை? பழைய பச்சை எனாமலில் பெரும்பாலும் என்ன இருக்கும்? பிரஷ்ய நீலத்தோடு ஒரு மஞ்சளைக் கலந்துதான் அந்தப் பச்சையைச் செய்தார்கள். அந்த மஞ்சள் ஈயம் கலந்த சரக்கு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர் வயிற்றில் போவதைப் போல நாலைந்து மடங்கு ஈயம் குழந்தையின் உடம்பில் ஏறிவிடும். "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வர்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் விவேகம்.

என்ன செய்ய வேண்டும்? கேளுங்கள்:

பழைய வர்ணம் உரியாமல் கெட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டவே சுரண்டாதீர்கள். சோடா உப்பு கரைத்த வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உலரவிட்டு, மேலேயே பிரைமர் அடியுங்கள்.

தேய்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள். தூசி பறக்கக் கூடாது. தேய்ப்பவர் நல்ல முகமூடி போட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. பாத்திர பண்டங்களை முன்பே வெளியேற்றிவிடுங்கள்.

நெருப்புக் காட்டி வர்ணத்தை உரிக்காதீர்கள். கழற்றிய பழைய பலகையை வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். விறகு மிச்சம் என்று நினைப்பீர்கள். புகையோடு ஈயமும் வீட்டுக்குள் வரும்.

கடைசியில் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, உதிர்ந்ததையெல்லாம் ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொல்லையில் கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள். புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய அறிவிப்பைப் படித்து வாங்குங்கள்.

நிறம் தேர்வதற்கும் ஒரு வழி சொல்கிறேன். கடைக்காரர் காட்டும் சிறு அட்டையை நம்பாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, ஒரு முழ அட்டையில் அடித்து, அலமாரிமேல் சாய்த்து வையுங்கள். காலையில் பாருங்கள், உச்சி வேளையில் பாருங்கள், ராத்திரி விளக்கில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் இந்த நிறம் பச்சையாகும். வெள்ளை விளக்கில் நீலமாகும். மூன்று வேளையும் பிடித்திருந்தால் வாங்கலாம். அதிகப் பளபளப்பு வேண்டாம். மினுக்கம் அறவே இல்லாததும் வேண்டாம், பிசுக்குத் துடைக்க முடியாது.

கெங்கவல்லி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்று வேலை நின்றது. பேரனும் மருமகளும் நாலு நாள் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனார்கள். பெயின்டருக்கு முகமூடியும் வாளித் தண்ணீரும் வந்தன. அலமாரி ஈரமாகத் தேய்க்கப்பட்டு, மலை நிறம் ஏறியது. அக்காவின் மனம் நோகாமல் உள்தட்டுகளுக்கு மட்டும் இளமஞ்சள்!

அடுத்த முறை போனபோது, அந்த அலமாரியின் மேல் புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் ஜொலித்துக் கொண்டிருந்தது. "நிறம் எப்படி அக்கா?" என்று கேட்டேன்.

"பாசிதான்" என்றார் அக்கா, குடத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டே. "ஆனா பையன் அதும்மேல வாய வைக்கறப்போ இப்ப எனக்குப் பயம் இல்ல, தம்பி."