தொட்டி புதுசு, தண்ணீர் தெளிவு… அப்புறம் மீன் ஏன் சாகிறது?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. யூடியூபில் பார்த்த மாதிரி ஒரு குட்டிக் குளம் கட்ட ஆசை. கொத்தனாரை வைத்து இரண்டே நாளில் சிமெண்ட் தொட்டி ரெடி. நடுவில் சின்ன ஃபவுன்டன், ஓரத்தில் கூழாங்கல், ஒரு அல்லிச் செடி. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் பத்துப் பதினைந்து மீன் வாங்கிவந்து விட்டாச்சு. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் பாதி மீன் மிதக்கிறது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருக்கிறது.

"கடைக்காரர் நோய் வந்த மீனைத் தலையில கட்டிட்டார்" என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்கும். ஆனால் பல நேரங்களில் தப்பு மீனிடமும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. தொட்டியிடம்தான் இருக்கிறது.

நஷ்டம் மீனோடு முடிவதும் இல்லை. நம் ஊர் வெயிலில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக மாற 7 முதல் 10 நாட்கள் போதும். புழுக்களைத் தின்ன கப்பி மாதிரி மீன்கள் இல்லாத குளம், டெங்கு கொசுவுக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு. அதனால் குளத்துக்கு எந்தப் பொருள் சரி, எது ஆபத்து என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறோம். "இதிலிருந்து தண்ணீரில் என்ன கரையும்?" என்று யாரும் கேட்பதில்லை. மீன் செவுள் வழியாக மூச்சு விடுகிறது. அங்கே ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய தோல் மட்டும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட மீனைக் கொன்றுவிடும்.

சிமெண்ட் தொட்டி: அவசரம்தான் விஷம்

சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். புதுத் தொட்டியில் ஊற்றிய தண்ணீரில் இது கரைந்து, பி.எச் அளவு 12 வரைகூடப் போகலாம். பெரும்பாலான வளர்ப்பு மீன்களுக்கு 6.5 முதல் 8.5 வரைதான் ஏற்றது. இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் காரத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். செவுள் வெந்துபோகும்.

பி.எச் கொஞ்சமாக ஏறினாலும் தொல்லைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, காரத் தண்ணீரில் இன்னும் கடுமையான விஷமாகிறது. முதல் நாள் பிழைத்த மீன் நான்காம் நாள் சாவதற்கு இது ஒரு காரணம்.

தீர்வு பொறுமை. தொட்டியை நன்றாக க்யூரிங் செய்த பிறகு தண்ணீர் நிரப்பி, மூன்று நான்கு நாள் விட்டு, முழுதும் வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி மூன்று நான்கு வாரம். நம் ஊரில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் பழக்கம் உண்டு. அழுகும் தண்டிலிருந்து வரும் அமிலம் காரத்தைக் குறைக்க உதவும். ஆனால் அதே அழுகல் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன் விடும் முன் தண்டை எடுத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் மாற்றணும். காத்திருக்க முடியாதவர்கள் குடிநீர்த் தொட்டிக்கான எபாக்சி கோட்டிங் அடிக்கலாம். அதுவும் டப்பாவில் போட்டிருக்கும் நாள்வரை முழுதாகக் காய வேண்டும்.

உருளியில் மீன் விடலாமா?

பித்தளை உருளியில் பூ மிதக்கவிடுவது அழகு. அதில் ரெண்டு கப்பி விட்டால் இன்னும் அழகு என்று தோன்றும். வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இரண்டுமே மீனுக்கு ஆகாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மென்னீராக இருந்தால், அதில் இருபதில் ஒரு பங்குகூடப் பல மீன்களுக்கு ஆபத்து. செம்புப் பாத்திரத் தண்ணீர் நமக்கு நல்லது என்பதால் மீனுக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

ஜி.ஐ பைப், ஜி.ஐ தொட்டியிலும் இதே சிக்கல். துரு பிடிக்காமல் இருக்க மேலே பூசியிருப்பது துத்தநாகம்தான். ஃபவுன்டனுக்குப் பித்தளை நாசில் வேண்டாம், பிளாஸ்டிக் நாசில் போதும். பி.வி.சி பைப் தாராளமாகப் போடலாம். ஒட்டிய பசை காய்ந்த பிறகு ஒரு முறை தண்ணீர் ஓடவிட்டுக் கழுவிவிடுங்கள்.

குழி தோண்டி ஷீட் போடுவதென்றால்

மலிவான தார்ப்பாய் ஒரு கோடை வெயிலில் பொரிந்துவிடும். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ ஷீட், புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரகமாக இருந்தால், நல்ல தேர்வு. ஆனால் அதைப் பசை போட்டு ஒட்ட முடியாது, சூடு வைத்துத்தான் இணைக்கணும். அதனால் ஒரே துண்டாக வாங்குங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் இ.பி.டி.எம் ரப்பர் ஷீட். மடங்கும், இழுபடும், 20 வருஷம்கூட உழைக்கும். குளத்துக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்கணும். கூரைக்கான ரகத்தில் மீனுக்கு ஒத்துக்கொள்ளாத ரசாயனங்கள் இருக்கலாம்.

அளவுக் கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கைக் கூட்டி, ஓரத்துக்கு 2 அடி சேர்க்கணும். அகலத்துக்கும் அப்படியே. 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழக் குளத்துக்கு 12-க்கு 10 அடி ஷீட். அடியில் கூர்கல், வேர் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மணலோ பழைய சாக்கோ விரித்த பிறகே ஷீட் போடுங்கள்.

ப்ளூ டிரம்மைப் பாதியாக வெட்டலாமா?

வெட்டலாம். அந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் எச்.டி.பி.இ, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். பிளாஸ்டிக்கில் பயமில்லை. அதில் முன்பு என்ன இருந்தது என்பதில்தான் பயம். பழைய டிரம்மில் ஆசிடோ பூச்சிக்கொல்லியோ இருந்திருக்கலாம். உணவுப்பொருள் இருந்த டிரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீங்க.

கல், சீலன்ட்

கிரானைட், ஆற்றுக் கூழாங்கல் பிரச்சினை செய்யாது. மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகை. மீனை உடனே கொல்லாது; ஆனால் தண்ணீரின் கடினத்தையும் பி.எச்சையும் மெல்ல ஏற்றும். சந்தேகமான கல்லைக் கொஞ்சம் சுரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

ஓட்டை அடைக்க பாத்ரூம் சீலன்ட் கூடாது. பூஞ்சை வராமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கும். மீன் தொட்டிக்கான சிலிக்கோன்தான் வேண்டும்.

மீன் கடைசியில்

நம்மில் பலர் முதலில் மீனை வாங்கிவிட்டு, பிறகு இடம் தேடுகிறோம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தொட்டி, தண்ணீர், செடி, பம்ப். பம்ப் கனெக்‌ஷனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம், தண்ணீரில் கை வைக்கப் போவது நீங்களோ உங்கள் வீட்டுக் குழந்தையோதான். பம்ப்பை ஒரு வாரம் ஓடவிடுங்கள். மீன் கடையில் கிடைக்கும் கிட்டில் பி.எச் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். எண் 8.5-ஐத் தாண்டாமல் அங்கேயே நின்றால் நாலைந்து மீன் மட்டும் வாங்குங்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருக இன்னும் சில வாரம் ஆகும். மீதி மீன் அதற்குப் பிறகு வரட்டும்.

"ரெண்டு மீனை விட்டுப் பார்ப்போம், செத்தா தண்ணி சரியில்லை" என்று சிலர் சொல்வார்கள். டெஸ்ட் கிட் இருக்கும்போது அந்த வேலையை ஒரு உயிரிடம் ஏன் கொடுக்கணும்?