என்பொட்டும் ஏற்கும் மெய்யும்

‘ஒட்டு’ என்னுஞ் சொல்லை நம்மவர் மாந்தோட்டத்திலே கற்றனர். இன்று அது சத்திரசிகிச்சைக் கூடத்துள்ளும் வழங்குகின்றது. விபத்தினாலோ கட்டியினாலோ சீழ்நோயினாலோ என்பின் பெரும்பகுதி அழிந்தால், அவ்விடைவெளியை நிரப்ப வைத்தியர் இடுவது என்பொட்டு. முறிந்த என்பு பெரும்பாலும் தானே கூடும்; பெரிதும் இழந்த என்பு தானே நிரம்பாது. ‘பிழைத்தல்’ என்னுஞ் சொல் உயிர்வாழ்தலையுந் தவறுதலையும் ஒருங்கே உணர்த்தும். ஒட்டு எவ்வாறு பிழைக்கின்றதோ அதனைப் பொறுத்தே காலின் கதியும் அமையும்.

உருக்கினை ஒத்த செயற்கைப் பொருள்கள் இருக்க, நோயாளியின் நல்ல என்பை ஏன் வெட்டுதல் வேண்டும் என மாணாக்கன் ஒருவன் என்னை வினவினான். வன்மை ஒன்றையே அளவாகக் கொண்ட வினா அது. ஒட்டுக்கு வேண்டுவன மூன்று: புது என்பை ஆக்கும் உயிர்க்கலங்கள், உடலின் கலங்களை அத்தொழிலில் ஏவும் புரதங்கள், அவை படர்ந்தேறக் கொழுகொம்பாகும் சட்டகம்.

இம்மூன்றும் ஒருங்கமைந்தது தன்னென்பு. பெரும்பாலும் இடுப்பென்பின் விளிம்பிலிருந்து அதனை எடுப்பர். உடல் அதனை அயலென்று ஒதுக்குவதில்லை. ஆயின் கிடைக்கும் அளவு சிறிது. எடுத்த இடத்து நோவு நீடித்தலும் உண்டு.

அடுத்தது பிறரென்பு. இந்திரனுக்குத் தம் முதுகென்பை ஈந்த ததீசி முனிவர் நம் நினைவுக்கு வருவர். கிளாஸ்கோ நகரத்து மக்கீவன், கையென்பு அழிந்த சிறுவனுக்குப் பிறர் காலென்புத் துண்டுகளை இட்டுக் குணப்படுத்தியதை 1881இல் வெளியிட்டார். இன்று இறந்தோர் ஈகையாகப் பெறும் என்பு வேண்டிய நீளத்திற் கிடைக்கும். ஆனாற் பதப்படுத்துகையில் உயிர்க்கலங்கள் ஒழிதலின் அது மெல்லவே ஒன்றுபடும். முறிதலுஞ் சீழ்கொள்ளலும் நேரலாம்.

மூன்றாவது செயற்கைப் பொருள். மட்பாண்டம்போற் சுட்டெடுத்த கல்சியம் பொஸ்பேற்றும், முருகைக்கல்லைப் பதப்படுத்திச் செய்தனவும் இவ்வகையின. இவை சட்டகம் மாத்திரமே. பெரிய இடைவெளியிற் பெரும்பாலும் தன்னென்போடு கலந்து அதன் அளவைப் பெருக்கவே உதவும். ஏவும் புரதத்திற்கு வழிகாட்டியவர் அமெரிக்க வைத்தியர் யூரிஸ்ற். சுண்ணச்சத்து நீக்கிய என்பைத் தசையுள் வைக்க, அங்கும் புது என்பு விளைந்ததை அவர் 1965இற் காட்டினார். அப்புரதங்களுட் சில இன்று மருந்தாகவுங் கிடைக்கின்றன.

எனினும் விதையை ஆராய்ந்து நிலத்தை மறத்தல் உழவுக்கு அழகன்று. குருதியோட்டங் குன்றிய இடத்திலே தன்னென்புங் கரைந்தொழியும். இதற்குப் பிரான்சிய வைத்தியர் மஸ்கலே ஒரு வழி கண்டார். முதலில் என்புச் சீமெந்தால் இடைவெளியை நிரப்புவர். 6 முதல் 8 வாரங்களில் அதனைச் சூழக் குருதிக்குழாய் நிறைந்த சவ்வு உண்டாகும். பின்னர்ச் சீமெந்தை அகற்றி, அச்சவ்வினுள்ளே தன்னென்புத் துண்டுகளை இடுவர். அவுஸ்திரேலிய வைத்தியர் ரெயிலர் 1975இல் வெளியிட்ட முறையோ, கணைக்காலின் மெல்லிய வெளியென்பைக் குருதிக்குழாயோடு பெயர்த்து, புதிய இடத்துக் குழாயோடு இணைப்பது. முன்னது நிலத்தைப் பண்படுத்தல். பின்னது கன்றை வேர்மண்ணோடு பெயர்த்து நடுதல்.

ஆதலின் எப்பொருள் வலிது என்பதன்று முதல் வினா. இடைவெளி எத்துணை, சீழ் நீங்கிற்றா, குருதி வருமா என்பனவே முன்னர்க் கேட்கத்தக்கன. அவற்றிற்கு விடை கண்டபின்னரே பொருளைத் தெரிதல் முறை. மாணாக்கன் கேட்ட நல்லென்பை வெட்டுதற்குக் காரணமும் இதுவே: உடல் தானே கட்டி முடிக்கவேண்டிய வேலைக்கு உயிருள்ள துணையை அளிப்பது அதுவே.