மோட்டார் பொருத்திய சைக்கிளும் சாலைச் சட்டமும்

விடியற்காலை ஐந்து மணிக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் நின்று பார்ப்பவர்களுக்கு, சென்னை மாநகரம் இன்றும் கிராமங்களை நம்பியே கண் விழிக்கிறது என்பது விளங்கும். கீரைக் கட்டுகளும் பூக்கூடைகளும் பால் கேன்களும் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து சேருகின்றன. அவற்றில் ஒரு பகுதி இன்னும் சைக்கிள் காரியரில் ஏறியே வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் தொலைவு பாரத்துடன் மிதித்து வரும் குடியானவர், அந்தச் சைக்கிளிலேயே ஒரு சிறு மோட்டாரைப் பொருத்திக்கொண்டால் என்ன என்று எண்ணுவது இயல்பே. இவ்விஷயம் பற்றி ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் நம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். "சைக்கிள்தானே ஐயா, இதற்கு எதற்கு லைசென்சு?" என்பதே பெரும்பாலோர் கேள்வி.

வெறும் சைக்கிளுக்கே லைசென்சு வில்லை வாங்கி மாட்டியிருந்த காலத்தை நம் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது நல்லதே. ஆனால் மோட்டார் பொருத்திய சைக்கிளின் கதை வேறு. அது சைக்கிளா, மோட்டார் வாகனமா என்பதைப் பெடல் இருப்பதைக் கொண்டு சட்டம் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தின் சக்தியையும் வண்டியின் வேகத்தையும் கொண்டே தீர்மானிக்கிறது.

முதலில் பெட்ரோல் இயந்திரத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு, நான்கு சக்கரங்களுக்குக் குறைந்த வண்டியில் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இயந்திரம் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது என்கிறது. தொடக்கத்தில் இவ்வரம்பு 35 ஆக இருந்தது. 1994-இல் செய்த திருத்தத்தால் 25 ஆகக் குறைந்தது. ஆனால் சைக்கிளில் பொருத்துவதற்கென்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் இயந்திரங்களில் பல 49 சி.சி., 80 சி.சி. என்று குறிக்கப்பட்டவை. இவற்றைப் பொருத்திய மறுகணமே சைக்கிள் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு, ஓட்டுநர் உரிமம், இன்ஷ்யூரன்ஸ், தலைக்கவசம் ஆகிய அனைத்தும் அதற்கு வேண்டும்.

"மின்சார மோட்டாருக்கு சி.சி. ஏது? அதற்குச் சட்டமே கிடையாது" என்று கூறும் கடைக்காரர்களும் உண்டு. இது அரை உண்மை. அரை உண்மைதான் முழுப் பொய்யைக் காட்டிலும் அதிகச் செலவு வைக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) என்ற விதி 2005-இல் சேர்க்கப்பட்டு, மின்கல வண்டிகளுக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும். மிதிக்கும்போது துணைபுரியும் மோட்டாராயின், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை நெருங்கும்போது அதன் சக்தி படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கவேண்டும். தக்க பிரேக்குகளும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான்களும் அவசியம். இவை யாவும் அமைந்த வண்டியை ஓட்ட உரிமமோ பதிவோ தேவையில்லை.

இங்கே ஒரு முக்கிய நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. இத்தகுதிகள் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னால் போதாது. புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற, விதிகளில் குறிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று அளித்திருக்கவேண்டும். பட்டறையில் பழைய சைக்கிளில் மோட்டாரைப் பொருத்தும்போது அந்தச் சான்று எங்கிருந்து வரும்? "அப்படியானால் அதைப் பதிவு செய்துகொள்கிறோம்" என்று மந்தைவெளிக்கோ திருவான்மியூருக்கோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை நாடிச் சென்றாலும் பயனில்லை. மாதிரி அங்கீகாரம் பெறாத வண்டியைப் பதிவு செய்ய அவர்களுக்கு வழியில்லை.

இதனால் விளையும் தீங்கு அபராதத்தோடு முடிவதன்று. நம்மிடம் ஆலோசனை கேட்க வந்த பால்காரர் ஒருவர், 80 சி.சி. என்று எழுதிய இயந்திரத்தைத் தம் சைக்கிளில் பொருத்தி ஓராண்டு நிம்மதியாக ஓட்டியவர். நாற்பது லிட்டர் பாலுடன் லஸ் முனை அருகே வந்தபோது சாலையைக் கடந்த மூதாட்டி ஒருவர் மீது வண்டி மோதிவிட்டது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பதிவு பெற்ற வண்டியாயிருந்தால் நஷ்டஈட்டை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஏற்றிருக்கும். பதிவே இல்லாத வண்டிக்குப் பாலிசி எவ்வாறு கிடைக்கும்? முழுத் தொகையும் அவர் தலையில் விழுந்தது. சமரசமாகத் தீர்த்துக்கொள்வதற்குள் கறவை மாடுகளில் இரண்டு கைமாறிவிட்டன.

பால்காரர் அஜாக்கிரதையாக ஓட்டியதாகச் சொல்லமுடியாது. பிரேக் பிடிக்கவில்லை என்றே கூறினார். அதில் வியப்பில்லை. சாதாரண சைக்கிளின் பிரேக் கட்டைகள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை மனத்தில் கொண்டு அமைந்தவை. வேகம் 40 ஆனால், நிறுத்தவேண்டிய விசையாற்றல் ஏறத்தாழ ஏழு மடங்காகிறது. நம் ஊர்ச் சைக்கிளின் முன்கவையும் கம்பிகளும் அத்தகைய வேகத்திற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மழைக்காலத்தில் இரும்பு விளிம்பு நனைந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம்.

மகனுக்குப் பள்ளி செல்ல இத்தகைய வண்டி செய்து தரும் தந்தையரும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். மோட்டார் வாகனம் என்று ஆகிவிட்டதை இளஞ்சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு.

மோட்டார் சைக்கிளே வேண்டாமென்று நாம் கூறவில்லை. திடமான மனிதர் ஒருவர் நெடுநேரம் மிதித்து 75 முதல் 100 வாட் வரையே தரமுடியும். எனவே 250 வாட்டுக்குச் சற்றே குறைந்த மோட்டார் ஏறத்தாழ மூன்று பேர் உழைப்புக்குச் சமம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலத்தை ஒரு முறை ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. மேடு பள்ளம் அதிகமில்லாத சென்னைச் சாலைகளுக்கு இது தாராளம். சான்று பெற்ற வண்டிகளும் கிடைக்காமலில்லை. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் வளர்ந்த பை பீம் என்ற நிறுவனம், பாரம் ஏற்றும் வசதியுள்ள 'பைமோ' என்ற மின்வண்டியை 2020-இல் வெளியிட்டது. அதற்கு உரிமம் வேண்டாமென்று அப்போது அறிவித்தார்கள். இதைவிட வேகமான மின்வண்டி தேவைப்படுவோர், பதிவுச் சான்றுக்கான கட்டணத்திலிருந்து மின்கல வாகனங்களுக்கு மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டில் விலக்களித்ததை நினைவில் கொள்ளலாம்.

ஊராட்சி நிதியில் இத்தகைய வண்டிகள் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் அங்கத்தினர்கள், விலைப்புள்ளியுடன் சோதனை நிலையச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்கவேண்டும். சான்றில் உள்ள மாதிரிப் பெயரும் வண்டியில் பொறித்துள்ள பெயரும் ஒன்றா என்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுக்கலாம்.

மேற்சொன்ன பால்காரர் இப்போது அவ்வாறு சான்று பெற்ற வண்டி ஒன்றில்தான் வருகிறார். நகலைப் பிளாஸ்டிக் உறையிட்டுக் கைப்பிடிப் பையில் வைத்திருக்கிறார். தியாகராய நகரில் ஒரு நாள் போக்குவரத்துக் காவலர் நிறுத்திக் கேட்டபோது அதை எடுத்துக் காட்டினாராம். காவலர் படித்துப் பார்த்துவிட்டு, பாலின் விலையை விசாரித்து அனுப்பிவிட்டார்.