மாமியாரும் மாத்திரைக் காமிராவும்

என் மாமியாருக்கு 72 வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுத்துவிட்டது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று இருந்துவிட்டோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7! இரும்புச்சத்து மாத்திரையால் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். மலம் கறுத்ததும் மாத்திரையால்தான் என்று நினைத்தோம். (மாத்திரையாலும் கறுக்கும் என்பதுதான் இதிலுள்ள வம்பு! தார் மாதிரி பிசுபிசுத்து நாற்றமடித்தால் ரத்தமாக இருக்கலாம்.)

வாய் வழியாகக் குழாய்விட்டு இரைப்பையையும், ஆசனவாய் வழியாகப் பெருங்குடலையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. டாக்டரம்மாதான் விடவில்லை.

"நடுவிலே இருபது அடி சிறுகுடல் இருக்கே, அதை யார் பார்த்தா?"

அதற்காகவே காப்ஸ்யூல் காமிரா இருக்கிறது. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்றது. விழுங்கினால் எட்டு மணி நேரம்போலப் படமெடுத்து, இடுப்பில் கட்டிய கருவிக்கு அனுப்பும். பிறகு மலத்தோடு தானே வெளியேறும். குடல் சுருங்கியிருந்தால் சிக்கிக்கொள்ளுமாம். அதனால் பழைய ஆபரேஷன், அடைப்பு எல்லாம் விசாரித்தார்கள். "இத்தனை பெரிசா?" என்று முனகியவர், ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார்!

சிறுகுடலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கசிந்துகொண்டிருந்தன. வயதானவர்களிடம் அடிக்கடி காண்பதுதானாம். நீளக் குழாய்விட்டுச் சுட்டு அடைத்தார்கள். முழங்கால் வலிக்கென்று அவரே கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகளும் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்குமாம். அந்த டப்பா இப்போது என் பீரோவில்.